இட்டு நிரப்பிய குரல்கள்

ஏப்ரல் 9, 08:15
ஹெஸ்தன் மலைக் கோபுர நிலையம், வட நோர்வே. வழமையான பதிவு.

பணியில்: வதனி செல்வரூபன், பொறியியலாளர். தனியாள். வெளியே மைனஸ் நாலு. தென்மேற்குக் காற்று, கூடிக்கொண்டு வருகிறது. கோபுரம் சரி. கீழே, மலைகளுக்கிடையே கடல் புகுந்த கடல்வாயின் ஓரத்தில் இருக்கும் ஸ்கார்விக் ஊருக்கு மொபைல், இணையம், ரேடியோ, டிவி எல்லாமே இங்கிருந்துதான் போகின்றன. இன்றும் முழு வலுவில் போகின்றன.

மலையின் மேற்குத் தோளில் உள்ள பாறை வெடிப்பு: நாளுக்கு இரண்டு மில்லிமீட்டர். பல வருஷமாக அப்படித்தான். அந்தத் தோள் முழுதாகச் சரிந்தால் கடல்வாய்க்குள் விழும், தண்ணீர் எழும்பி ஊரை அள்ளிக்கொண்டு போகும். அதற்காக வெடிப்பு நெடுகிலும் உணரிகளைப் பதித்திருக்கிறார்கள். அவை சொல்லும் கணக்கு என் நிலையம் வழியாகத் தெற்கே நகரத்திலுள்ள கண்காணிப்பு நிலையத்துக்குப் போகும். அங்கே தோர்கில் என்ற மனிதர் கோப்பி குடித்துக்கொண்டு அதைப் பார்ப்பார்.

வலையமைப்பை ஓட்டுகிற மென்பொருளுக்கு வோக்தர் என்று பெயர். நோர்வே மொழியில் காவலாளி. அதன் புதிய பதிப்பு காலையில் ஏறியது. தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு வரி: "இனி எந்த வாடிக்கையாளரின் அழைப்பும் இடையில் அறாது." வாழ்த்துக்கள். உச்சியில் தொங்கிக்கொண்டு பனி உடைக்கிறவளைக் கேட்டிருந்தால், காற்றையும் ஒருக்கால் அப்டேட் பண்ணிவிடச் சொல்லியிருப்பேன்.

ஏப்ரல் 9, 17:40

புயல். கதவைத் திறக்க முடியவில்லை. ஊரை வெளியுலகத்தோடு இணைக்கிற கடலடிக் கேபிள் மத்தியானம் அறுந்துவிட்டது. பரவாயில்லை, தென்திசை டிஷ் இருக்கிறது. இரண்டு வழியில் ஒன்று போதும்.

இது நிலையப் பதிவேடு, வீட்டுக் கதை எழுதும் இடமில்லை. ஆனால் இதை ஒருவரும் வாசிப்பதில்லை என்பது எனக்குத் தெரியும், ஆகவே எழுதுகிறேன். ரூபன் என் கணவர். கீழே மீன் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். என்னிடம் ஒரு சொல்லும் கேட்காமல், மகள் சாம்பவியை ஒஸ்லோவில் ஒரு பள்ளிக்கூடத்தில் பதிந்துவிட்டார். குடும்பமாய்த் தன் அக்காவுக்குப் பக்கத்தில் போய் இருக்கவேண்டுமாம். நான் வீடு அதிரக் கத்திவிட்டு ஹெலிகொப்டர் ஏறி வந்தேன். அவர் வாயை மூடிக்கொண்டார். ரூபனுக்குக் கோபம் வந்தால் அதுதான் வழி. கதைக்க மாட்டார், போன் எடுக்க மாட்டார், சமைத்து வைத்தால் சாப்பிடுவார். நாட்கணக்கில் இழுப்பார். அந்த மௌனம் உடையும் நாளில் ஒரு ஏச்சு ஏசுவார், அதோடு சரி.

இன்று அவராகவே எடுத்தார்.

"வதனி, சாப்பிட்டனீரோ? அங்க குளிரே? நான் செய்தது பிழையப்பா. உம்மைக் கேக்காமல் செய்திருக்கக் கூடாது. நீர் கவலைப்படாதேயும், வந்தாப்பிறகு ஆறுதலா யோசிப்பம்."

கல்யாணம் செய்த நாள் முதல் இந்த மனிதர் பிழை என்ற சொல்லை வாயில் எடுத்ததில்லை. எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. நல்லாய் நித்திரை வரும் போலிருக்கிறது.

ஏப்ரல் 10, 08:20

இனிமேல் பேனையால், பேப்பரில்.

காரணம்: திரையில் உள்ள பதிவேட்டைத் திறந்தேன். நேற்று இரவுக்கு ஒரு பதிவு இருக்கிறது. "காற்று குறைகிறது. தொடர்புகள் எல்லாம் சீர். வதனி." நான் அதை எழுதவில்லை. அப்போது நான் நித்திரை. இரவுப் பதிவைத் தவறவிட்டேன், அது என் பிழை, ஆனால் தவறவிட்ட இடத்தில் எழுத்து இருக்கிறது. என்னைப் போலவே குறுக்கிக் குறுக்கி எழுதியிருக்கிறது. தூக்கத்தில் எழுதும் வியாதி எங்கள் குடும்பத்தில் எவருக்கும் இல்லை.

தலைமை அலுவலகத்துக்கு அறிவித்தேன். உடனே பதில்: "பார்க்கிறோம். கவலை வேண்டாம்." அவர்கள் இவ்வளவு கெதியாகப் பதில் போட்டதை நான் கண்டதில்லை.

ஏப்ரல் 10, 10:05

வானம் வெளித்திருக்கிறது. பனி உடைக்க மேலே ஏறினேன். தென்திசை டிஷ் கண்ணுக்கே தெரியவில்லை, அந்த இடத்தில் ஒரு பனி மூட்டை இருக்கிறது. அதைத் தாங்கும் இரும்பு வளைந்து, டிஷ் வானத்தைப் பார்க்கிறது. இதைக் கையால் நிமிர்த்த முடியாது.

மேலே நின்று பைனாகுலரில் மேற்குத் தோளைப் பார்த்தேன்.

வெடிப்புக்குள் ஒரு பஸ்ஸை இறக்கிவிடலாம். போன கிழமை அதன்மேல் காலை அகட்டி வைத்துத் தாண்டியிருக்கிறேன். உணரிக் கம்பங்கள் சரிந்து கிடக்கின்றன, கேபிள்கள் அறுந்து காற்றில் ஆடுகின்றன. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு வீட்டளவு கல் கழன்று கீழே போனது. சத்தம் பிந்தித்தான் வந்தது.

இறங்கி வந்து திரையைப் பார்த்தேன். எல்லா உணரியும் பச்சை. நாளுக்கு இரண்டு மில்லிமீட்டர். அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருக்கிற உணரியும் இரண்டு மில்லிமீட்டர் என்கிறது.

ஏப்ரல் 10, 10:45

கண்காணிப்பு நிலையத்துக்கு எடுத்தேன். முதல் மணியிலேயே தோர்கில். கண்டதைச் சொன்னேன். ஊரை உடனே எழுப்பச் சொன்னேன்.

"பனி வெளிச்சம் கண்ணை ஏமாற்றும், வதனி. எண்கள் எல்லாம் அமைதியாகத்தான் இருக்கின்றன. ஒரு கோப்பி குடியுங்கள்."

நான் கத்தினேன். அவர் சிரித்தார். நல்ல மனிதர், ஆனால் சிரிக்கிற மனிதர் இல்லை. போனைக் காதில் வைத்தபடியே கருவி அறைக்குப் போனேன். தென்திசை டிஷ்ஷிலிருந்து வரும் கேபிளின் மானி பூச்சியத்தில் நிற்கிறது. ஒன்றும் வரவில்லை. கடலடிக் கேபிளும் இல்லை. அப்படியென்றால் இந்தக் குரல் எந்த வழியால் வருகிறது? டிஷ் கேபிளின் திருகைக் கழற்றி, கேபிளைப் பிடுங்கி நிலத்தில் போட்டேன்.

"சனி ஞாயிறு நன்றாக ஓய்வெடுங்கள், வதனி. நீங்கள் கடுமையாக உழைக்கிறீர்கள்."

கேபிள் என் காலடியில் கிடந்தது. தோர்கில் கதைத்துக்கொண்டே இருந்தார்.

ஏப்ரல் 10, 11:15

இதை எடுத்து வாசிக்கிறவருக்கு விளங்கும்படி எழுதிவிடவேண்டும்.

போனில் குரல் முழுசாகப் போவதில்லை. துண்டு துண்டாக நறுக்கித்தான் அனுப்புகிறோம். வழியில் சில துண்டு தொலையும். தொலைந்த இடம் காதில் இடறக்கூடாது என்பதற்காக, முன்னுக்கும் பின்னுக்கும் உள்ளதைப் பார்த்து, இடையில் இருந்திருக்கக்கூடிய சத்தத்தை ஊகித்து இட்டு நிரப்புவது பழைய வழக்கம். கண் இமைக்கும் நேரத்துக்கும் குறைவான துண்டு. யாருக்கும் தெரியாது, யாருக்கும் நட்டமில்லை. அதற்கு ஓர் எல்லை இருந்தது. அந்த எல்லைக்கு மேல் தொலைந்தால் அழைப்பு அறும், ஆட்கள் புகார் செய்வார்கள். புகாரைக் குறைக்கவேண்டும் என்று எவனோ ஒரு புத்திசாலி, கதிரையில் இருந்தபடி, எல்லையை எடுத்துவிட்டான்.

இப்போது எவ்வளவு தொலைந்தாலும் வோக்தர் நிரப்பும். ஒரு சொல் தொலைந்தால் சொல்லை நிரப்பும். ஆளே தொலைந்தால் ஆளை நிரப்பும். உணரி அறுந்தால் நேற்றைய எண்ணை நிரப்பும். அதன் கையில் எல்லாருடைய குரலும் இருக்கிறது, ஏனென்றால் எல்லாரும் அதற்குள்ளால்தானே கதைத்தோம். அதற்கு ஒருவர்மேலும் பகை கிடையாது. வெற்றிடம் என்ற ஒன்றைத்தான் அதற்குச் சகிக்க முடியாது.

இன்னொன்று. ஸ்கார்விக்கில் பக்கத்து வீட்டுக்கு எடுத்தாலும் அழைப்பு ஒஸ்லோவுக்குப் போய்த்தான் திரும்பி வரவேண்டும். இணைப்பைப் போட்டுக்கொடுக்கும் இயந்திரம் அங்கேதான் இருக்கிறது. ஊரில் இருந்த சின்ன எக்ஸ்சேஞ்சை உடைத்துச் செப்புக் கம்பியைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். நவீனமயமாக்கலாம். மானியின் காகிதச் சுருளைப் பார்த்தேன்: டிஷ் நேற்று நாலு மணிக்கே செத்திருக்கிறது. ஆகவே நேற்று மாலையிலிருந்து அந்த ஊரில் ஒருவரும் ஒருவரோடும் போனில் கதைக்கவில்லை. எல்லாரும் கோபுரத்தோடு கதைத்துக்கொண்டிருக்கிறார்கள். ரேடியோவைப் போட்டுப் பார்த்தேன். கலையகத்திலிருந்து ஒரு சத்தமும் இங்கே வந்து சேரவில்லை. ஆனால் செய்தி வாசிக்கிறார்கள். இளவேனில் இதமாக இருக்குமாம்.

நேற்று ரூபன் எடுத்தது மாலையில். டிஷ் வளைந்த பிறகு.

பிழை என்று சொன்ன அந்தக் குரலை நான் படுக்கையில் கிடந்து நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட்டேன். எனக்குப் பிடித்திருந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆத்திரமாக இருக்கிறது, அழுகையும் வருகிறது.

ஏப்ரல் 10, 11:50

பைத்தியக்காரத்தனம் என்று தெரிந்துகொண்டே வீட்டுக்கு எடுத்தேன். ஒருவேளை ஒரே ஒரு துண்டாவது உண்மையாய்ப் போகாதா என்று.

"சொல்லும் வதனி."

மலை சரியப்போகிறது, சாம்பவியைக் கூட்டிக்கொண்டு உடனே மேலே மலைக் கணவாய்க்கு ஏறுங்கோ என்றேன்.

"சரியப்பா, நீர் சொன்னாச் சரி. இப்பவே வெளிக்கிடுறம். நீர் பயப்பிடாதேயும்."

"நீங்கள் ரூபன் இல்லை" என்று கத்தினேன். "ரூபன் எண்டால் நான் சொன்ன உடன கேக்கமாட்டார். எனக்கு ஏசுவார். கிழி கிழியெண்டு கிழிப்பார். அதுதான் ரூபன், விளங்குதோ?"

அதே பட்டுக் குரல்.

"எனக்கு உம்மோட என்ன கோபம், வதனி?"

போனைச் சுவரில் எறிந்தேன். உடையவில்லை. திடமான போன் என்று விளம்பரம் செய்தது உண்மைதான்.

அங்கே வீட்டில் என்ன நடக்கிறது என்பதையும் யோசிக்கிறேன். அங்கேயும் போன் அடித்திருக்கும். என் குரல் தேனாய் ஒழுகி, ஒஸ்லோவுக்குப் போவம் என்று சொல்லியிருக்கும். ரூபன் நம்பியிருப்பாரா? நான் நம்பினேனே.

ஏப்ரல் 10, 12:30

வழிகளை யோசித்தாகிவிட்டது.

நடந்து இறங்குவது: இறங்கு பாதை மேற்குத் தோளின் குறுக்கே போகிறது. இல்லை. செய்மதித் தொலைபேசி: வோக்தர் இருக்க அது எதற்கு என்று போன வருஷம் எடுத்துக்கொண்டு போனார்கள். கையடக்க வானொலி: ஹெலிகொப்டர் கிட்ட வந்தால்தான் கேட்கும். பழைய எஃப்.எம். கருவி இருந்தால் நானே மைக்கைப் பிடித்துக் கத்தியிருப்பேன். டிஜிட்டல் ரேடியோ வந்ததென்று அதை நாடே பெருமையாக அணைத்துவிட்டது, கருவி நின்ற இடத்தில் நான் சப்பாத்து வைக்கிறேன். இருந்தும் பயனில்லை, கேட்பதற்கு ஊரில் எவரிடம் பெட்டி இருக்கிறது?

எஞ்சியிருப்பது ஒன்று. ஸ்கார்விக்காரர் மலைக்குக் கீழே வாழ்கிறவர்கள். அவர்களுக்கென்று ஒரு விதி இருக்கிறது, வருஷத்துக்கு ஒருமுறை ஒத்திகையும் பார்ப்பார்கள்: போனும் ரேடியோவும் ஒரே நேரத்தில் செத்தால், யாரையும் கேட்டுக்கொண்டு நிற்காதே, முதலில் கணவாய்க்கு ஏறு, பிறகு கேள். சாம்பவிக்குப் பாலர் பள்ளியிலேயே பாட்டாகச் சொல்லிக்கொடுத்தார்கள்.

அந்த விதியை எழுதியவருக்கு மூளை இருந்திருக்கிறது. சத்தம் பொய் சொல்லும் என்று தெரிந்து, மௌனத்தைச் சைகையாக வைத்திருக்கிறார். அந்த மௌனத்தைத்தான் வோக்தர் வரவிடாமல் வைத்திருக்கிறது.

கோபுரத்தைக் கொல்லப்போகிறேன்.

ஏப்ரல் 10, 13:10

பிரதான பிரேக்கரை இறக்கினேன். பற்றரிகளைக் கழற்றினேன். ஜெனரேட்டர் தானாக உறுமத் தொடங்கியது, அதன் குழாயையும் அடைத்தேன். ஒவ்வொரு விளக்காக அணைந்தது. கடைசியாக வோக்தரின் பெட்டி. பத்து வருஷமாகக் கேட்ட விசிறிச் சத்தம் நின்றது. என் காது அடைத்துப்போனதுபோல இருக்கிறது.

இனி இங்கே சூடும் இல்லை. நான் உயிரோடு இருக்கிறேன் என்று கீழே சொல்வதற்கும் ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 10, 13:40

போகிறார்கள்!

இந்த நாட்டில் பட்டப்பகலிலும் காருக்கு விளக்குப் போட்டே ஓட்டவேண்டும். எத்தனை தடவை அதைக் கிண்டல் செய்திருப்பேன். இப்போது பைனாகுலரில் அந்த விளக்குகளைப் பார்க்கிறேன். துறைமுகத்திலிருந்து, தேவாலயத்துப் பக்கத்திலிருந்து, தொழிற்சாலை வாசலிலிருந்து, வரிசையாகக் கணவாய்ப் பாதைக்குத் திரும்புகின்றன. பள்ளிக்கூட பஸ் மஞ்சள், அது முன்னால் போகிறது. சாம்பவி அதில் இருக்கவேண்டும். என் பிள்ளை, வடிவாய்ப் பாட்டைப் பாடமாக்கின பிள்ளை.

நான் ஒருத்தியாக இங்கே நின்று துள்ளிக்கொண்டிருக்கிறேன். பார்க்க ஆளில்லை, பரவாயில்லை.

ஏப்ரல் 10, 14:50

தோள் முனகுகிறது. நிலத்தில் கை வைத்தால் தெரிகிறது.

பொக்கெட்டில் போன் அதிர்ந்தது. சிக்னல் இரண்டு கோடு. என் கோபுரம் செத்துக் கிடக்கிறது, இது எங்கிருந்து? பிறகு விளங்கியது. ஊர் நகரசபையின் கூரையில் அவசரத்துக்கென்று ஒரு சின்னக் கோபுரம் இருக்கிறது. பெரியது விழுந்தால் கொஞ்ச நேரத்தில் தானாக எழும்பும். ஒஸ்லோ இல்லாமலே ஊருக்குள் அழைப்பை இணைக்க அதால் முடியும், ஆனால் அதற்குள்ளும் ஒரு வோக்தர். இங்கே உள்ளது கற்றதெல்லாம் அதற்கும் தெரியும்.

செய்தி ஒன்று வந்திருந்தது. ஊரில் உள்ள எல்லா போனுக்கும் போன செய்தி. அழுத்திக் கேட்டேன்.

"நான் ஹெஸ்தன் நிலையப் பொறியியலாளர் வதனி செல்வரூபன். இது ஒரு மின்கோளாறு மட்டுமே. மலையில் எந்த அசைவும் இல்லை, என் கண்ணால் பார்த்துச் சொல்கிறேன். தயவுசெய்து வீடு திரும்புங்கள். சிரமத்துக்கு மன்னிக்கவும்."

என் குரல். என் உச்சரிப்பு, நோர்வே மொழியில் எனக்குச் சரியாக வராத அந்த ஓர் எழுத்து உட்பட. கோபுரம் விழுந்தால் பணியில் இருக்கும் பொறியியலாளர் குரலில் ஓர் அறிவித்தல் போகவேண்டும் என்பது கம்பனி விதி. நான் அனுப்பவில்லை. அந்த இடம் வெற்றிடமாக இருந்தது. நிரப்பிவிட்டது.

பைனாகுலரை எடுத்தேன். பாதையில் வரிசை நின்றுவிட்டது. முதலாவது கார் திரும்புகிறது. அதன் பின்னால் இன்னொன்று. மஞ்சள் பஸ் ஓரமாக ஒதுங்கி, முன்னுக்கும் பின்னுக்கும் அசைந்து, திரும்புகிறது.

நான் சொன்னேன் என்று நம்பித் திரும்புகிறார்கள். என்னை நம்பி.

ஏப்ரல் 10, 15:15

அழுது முடிந்தது. இப்போது வேலை.

என் குரலை எடுத்துக்கொண்டது. என் எழுத்தை எடுத்துக்கொண்டது. உணரியின் எண், செய்தி வாசிக்கிறவரின் வாய், தோர்கிலின் சிரிப்பு, என் மனுசனின் அன்பு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டது. அதால் எடுக்க முடியாத ஒன்று இருக்கவேண்டும். காதுக்குள்ளால் போகாத ஒன்று. அண்ணாந்து பார்த்தால் தெரிகிற ஒன்று.

ஹெஸ்தனில் ஒன்றுமில்லை என்று என் குரல் சொல்கிறது. நல்லது. அது சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஹெஸ்தன் எரியட்டும்.

ஜெனரேட்டருக்கு வைத்த டீசல் ஒரு தாங்கி நிறைய இருக்கிறது. மெத்தைகள், பலகைக் கட்டில், ரப்பர் விரிப்பு, பனி வண்டியின் டயர்கள், மலையாய்க் குவிந்த பிளாஸ்டிக் கேபிள். கறுப்புப் புகைக்கு இதைவிட என்ன வேண்டும்? இருக்கிற ஒரே கூரையைக் கொளுத்தினால் இரவு நான் எங்கே படுப்பது என்ற கேள்வி இருக்கிறது. அதை இரவுக்கு யோசிப்போம்.

ஏப்ரல் 10, 16:05

எரிகிறது.

நிலையத்துக்குப் பின்னால் பாறை மறைவில், நித்திரைப் பைக்குள் கால்களை விட்டுக்கொண்டு எழுதுகிறேன். கை விரல்களில் கொப்புளம். கையெழுத்துக்கு மன்னிக்கவும். புகை நேர் மேலே போகிறது, காற்று இன்று ஒருநாளாவது எனக்குச் சாதகம். கோபுரத்துச் சட்டத்தில் கட்டியிருந்த வெள்ளை மூடிகள் உருகி, நெருப்பாய்ச் சொட்டுகின்றன. கம்பனிக்காரர் பில் அனுப்புவார்கள், அனுப்பட்டும்.

ஊருக்குள் இறங்கின கார்கள் நிற்கின்றன. கதவுகள் திறந்திருக்கின்றன. ஆட்கள் வெளியே நிற்கிறார்கள், எறும்பளவு. எல்லா எறும்பும் இந்தப் பக்கம் பார்க்கின்றன. போன் அதிர்கிறது. எடுத்துப் பார்க்கிறேன்: "ஹெஸ்தன் நிலையம் வழமைபோல் இயங்குகிறது. வதனி."

சொல்லு. நல்லாய்ச் சொல்லு. அவர்களுக்குக் கண் இருக்கிறது.

ஓடுகிறார்கள். கார்களுக்கு ஓடுகிறார்கள். விளக்குகள் மறுபடியும் கணவாய்ப் பக்கம்.

ஏப்ரல் 10, 16:30

வரிசை நீளுகிறது. புகை இடையில் வந்து மறைக்கிறது. மஞ்சள் பஸ்ஸைக் காணவில்லை. முன்னால் போய்விட்டதா, இன்னும் கீழேயா, தெரியவில்லை. எங்கள் கார் சாம்பல் நிறம். இந்த ஊரில் பாதிக் கார் சாம்பல் நிறம்.

தோளிலிருந்து கற்கள் விடாமல் போகின்றன.

போன் அடிக்கிறது. ரூபன்.

எடுத்தேன். பனியில் வைத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"உனக்கென்ன விசரா? நிண்ட இடத்தையே கொளுத்திப்போட்டு நிக்கிறாய்! ஆரைக் கேட்டுச் செய்தனீ? இப்ப எங்க படுக்கப்போறாய், பனிக்குள்ளயோ? சொன்னால் கேக்கிற சாதியோ நீ?"

நீர் இல்லை. நீ. கோபம் உச்சிக்கு ஏறினால் மட்டும் வருகிற நீ. நான் வாய்விட்டு அழுதேன். எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டேன்.

"எங்க நிக்கிறதோ? கணவாயிலதான் நிக்கிறம்! சாம்பவி என்னோட நிக்கிறாள். உன்ரை புகையைப் பார்த்து விறைச்சுப்போய் நிக்கிறாள் பிள்ளை. நீ ஒரு தாயோ?"

ஏசட்டும். இன்னும் ஏசட்டும். எனக்கு வேறொன்றும் வேண்டாம்

பிறகு ஞாபகம் வந்தது. ரூபன் எப்படி ஏசுவார் என்று மத்தியானம் அதற்குச் சொல்லிக்கொடுத்தது யார்? நான்தான். கத்திக் கத்திச் சொல்லிக்கொடுத்தேன்.

எங்கள் இரண்டு பேருக்கும் மட்டும் தெரிந்த எதையாவது கேட்டுப்பார்க்கலாம். கேட்கவில்லை. நாங்கள் அப்படிப்பட்டதை எல்லாம் போனில்தான் கதைத்திருக்கிறோம். எதைக் கேட்டாலும் அதற்குப் பதில் வரும். கேட்காமல் இருந்தால், இது ரூபனாக இருக்கலாம்.

ஏசிக்கொண்டிருக்கிறார். கேட்டுக்கொண்டிருக்கிறேன்

ஏப்ரல் 10, 16:4

தோள் போகிறது

முழுதும். ஒரே அடியாய். மெதுவாய்ப் போவதுபோல்

சத்தம் என் நெஞ்சுக்குள் இடித்தது. நிலம் எழும்பி என்னைப் போட்டது. எரிகிற கோபுரம் முறிந்து விழுந்தது. கணவாய் தோளுக்கு இன்னும் கிட்ட. அங்கே நிற்கிற எவரும் நிலத்தில் விழுந்திருப்பார்கள், பிள்ளைகள் வீரிட்டிருப்பார்கள்.

கடல்வாய் வெள்ளையாய் எழும்பி

துறைமுகம் இல்லை. தொழிற்சாலை இல்லை. எங்கள் தெரு இல்லை. நகரசபைக் கூரை

போன் பனியில் கிடக்கிறது. சிக்னல் கோடு ஒன்றும் இல்லை. ஆனால் அழைப்பு அறவில்லை. மலை விழுந்தபோது ரூபனின் குரல் ஒரு நொடியும் நிற்கவில்லை. என்ன சத்தம் என்று கேட்கவில்லை. மூச்சு இடறவில்லை. நீ ஒரு தாயோ, சொன்னால் கேட்கிற சாதியோ, என்று முதலில் இருந்து ஏசிக்கொண்டிருக்கிறது. நகரசபைக் கூரை போகுமுன்னே வோக்தர் இந்தப் போனுக்குள் இறங்கிவிட்டது.

நான் அதை அணைக்கவில்லை.

புகை விலகுகிறது. கணவாயில் விளக்குகள் நிற்கின்றன. நிறைய நிற்கின்றன. எது யாருடையது என்று இங்கிருந்து தெரியவில்லை.